அளந்து பார்த்த கை

என் மனைவியின் தங்கை புருஷனுக்கு வடக்கே கடலோரத்து அணுமின் நிலையத்தில் வேலை கிடைத்தபோது எனக்கு வந்த எரிச்சலைச் சொல்ல இப்போது வெட்கமில்லை. அவனுக்குக் குவார்ட்டர்ஸ், வேலைக்குப் போய்வர பஸ். நானோ பாகூர்ப் பக்கத்து வயல்களில் கூலிக்குப் பூச்சி மருந்து அடித்துக்கொண்டிருந்தேன். மருந்தைக் கையாலேயே கலக்கி, டேங்க்கை முதுகில் மாட்டி அடித்துவிட்டு, வாய்க்காலில் கழுவிய அதே கையால் சோறு தின்பேன்.

பொங்கலுக்குப் பூரணாங்குப்பத்தில் மாமியார் வீட்டில் சந்தித்தோம். வேலை எப்படி என்று சகலையிடம் கேட்டேன்.

“சட்டையில ஒரு பேட்ஜ் மாட்டிக்குவோம் அண்ணே. உடம்புல எவ்ளோ கதிர் பட்டுச்சுன்னு அது காட்டிடும். வெளிய வரும்போது கை, காலெல்லாம் மெஷின்ல அளந்துட்டுத்தான் வுடுவாங்க.”

“எரிஞ்சு முடிஞ்ச கழிவ இன்னா பண்ணுவீங்க?”

“ஆழமான தொட்டித் தண்ணியில ஆறப் போட்டு வெச்சிருக்காங்க. அது லேசுல அடங்காதுண்ணே. நம்ம பேரப்புள்ளைங்க காலத்துலயும் யாராவது காவல் காக்கணும்.”

அவன் எதையும் ஒளிக்கவில்லை. எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வந்ததோ பொறாமை. ஒருத்தனுடைய கையைத் தினம் தினம் அளந்து பார்க்க ஆள் இருக்கிறதா? என் கையை யார் பார்த்தார்கள்?

மறுநாள் அந்த ஊர் டீக்கடையில் அவன் பேச்சு வந்தது. எனக்குக் கேட்க ஆள் இருந்தால் போதும். “ஏன் அளக்கறாங்க? ஒட்டிக்கும்ல! அவன் தொட்டது, அவன் பொண்டாட்டி தொட்டது, எல்லாத்துலயும் ஒட்டிக்கும்” என்றேன். சிரித்தார்கள். எனக்கு இனித்தது.

வைகாசியில் அதே மாமியார் வீட்டில் மச்சினிக்கு வளைகாப்பு. மாமியார் வளையல் போட்டார். என் மனைவி போட்டாள். அதற்குப் பிறகு யாரும் எழுந்திருக்கவில்லை. தட்டு நிறையக் கண்ணாடி வளையல் கிடக்கிறது. ஒருத்திக்குக் கைவலி, இன்னொருத்தி அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்தாளாம். மச்சினி நீட்டிய கையை மடியில் இறக்கிக்கொண்டாள். வாசலில் என் பக்கத்தில் நின்ற சகலை தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான்.

என் மனைவி வாசலுக்கு வந்தாள். “யோவ், டீக்கடையில வாய் கிழியப் பேசுனியே. உள்ள வந்து பேசு.”

பெண்கள் நிறைந்திருந்த கூடத்தில், ஒற்றை ஆம்பளையாகப் போய் நின்றேன்.

“ஒட்டிக்கும்னு சொன்னது நான்தான். எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஒட்டியிருந்தா அந்த மெஷினே அவன வெளிய வுட்ருக்காது. வயித்தெரிச்சல்ல சொல்லிட்டேன்.”

மீன் விற்கிற பெரியம்மா ஒருத்தி எழுந்தாள். “ஊரு வயலுக்கெல்லாம் மருந்தடிக்கிறியே, உன் வயித்தெரிச்சலுக்கு ஒரு டேங்க் அடிச்சிக்கக் கூடாதாடா?” என்றபடி மச்சினியின் கன்னத்தில் சந்தனம் பூசி, வளையலை ஏற்றினாள். வீடே சிரித்தது. கைவலிக்காரியும் எழுந்தாள். பெரியம்மாவின் அந்த வார்த்தையை இன்றும் நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கிளம்பும்போது என் கையைப் பிடித்த சகலை விடவில்லை. திருப்பிப் பார்த்தான். நகமெல்லாம் மஞ்சள், விரலிடுக்கில் வெடிப்பு.

“இன்னாண்ணே இது? கிளவுஸ் போடறதில்லயா?”

என் கையைப் பார்த்து அப்படிக் கேட்ட முதல் ஆள் அவன்தான். அப்படிக் கேட்கக்கூட அவனுக்குத்தான் தெரிந்திருக்கிறதே என்று அப்போதும் எனக்கு எரிந்தது.