புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவள்

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவில் எனக்கு ‘ஓட்டல்காரி’ என்று ஒரு பெயர் இருந்தது. நான் ஓட்டல் எதுவும் வைத்து நடத்தவில்லை. மாதத்துக்கு ஒரு தடவை என் வீட்டுக்காரரோடு ஓட்டலுக்குப் போய்ச் சாப்பிட்டேன், அவ்வளவுதான். பெயர் வைத்தவள் என் ஓரகத்தி, என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி. முதல் தடவை குழாயடியில் யாரோ அப்படிக் கூப்பிட்டபோது அழுதுகொண்டே குடத்தைத் தூக்கி வந்தேன். அடுத்த தடவை, “இன்னாம்மா, என்ன வேணும், இட்லியா தோசையா?” என்று கேட்டேன். அதோடு முகத்துக்கு நேரே கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள்.

எனக்குப் பதினாறு வயதில் கல்யாணம். மாமனார் மாமியார் அதற்கு முன்பே போய்விட்டார்கள். வீட்டுக்குப் பெரியவர் மூத்தார்தான், அதாவது என் வீட்டுக்காரருடைய அண்ணன். கூடத்தில் மூன்று தறிகள். அதில் ஒன்று எங்களுடையது. அது கோர்வைத் தறி. சேலையின் உடம்புக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம், அதனால் இரண்டு பேர் உட்கார்ந்தால்தான் வேலை ஓடும். அவர் தறிக்குழியில் உட்கார்ந்து உடம்புக்கு நாடா, அதாவது ஊடை நூல் ஓடம், விடுவார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நாடா விடுவேன். காலையில் உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை என் முழங்கை அவர் முழங்கையில் இடித்துக்கொண்டே இருக்கும். வருகிற போகிறவர்கள் எல்லாரும் பார்ப்பார்கள். யாரும் அதைத் தப்பு என்று சொன்னதில்லை.

ஆனால் விளக்கு வைத்துச் சோறு எடுத்துவிட்டால் சட்டம் வேறு. ஆண்கள் கூடத்தில் உட்கார்ந்து முதலில் சாப்பிடுவார்கள். பிறகு பிள்ளைகள். பிறகு அடுப்படியில் ஓரகத்தி. கடைசியில் நான். பரிமாறி, தட்டு கழுவி, சாணி போட்டு மெழுகிவிட்டு நான் உட்காரும்போது சட்டியில் என்ன ஒட்டியிருக்கிறதோ அதுதான் எனக்கு.

அறுபதுகளின் கடைசியில், பொங்கலுக்கு முந்தைய ஒரு குளிர் நாளில், என் வீட்டுக்காரர் சாப்பிட்டு எழுந்துபோனவர் வெற்றிலைப் பையைத் தேடிக்கொண்டு அடுப்படிக்கு வந்தார். நான் அப்போது குழம்புச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு, அடியில் தீய்ந்திருந்ததை விரலால் வழித்துச் சோற்றில் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

“கொழம்பு எங்க?”

“தீந்துபோச்சு.”

“தெனமும் இப்டித்தானா?”

“சில நாள் இருக்குது.”

என்னையும் சட்டியையும் பார்த்தார். “இருவத்திரெண்டு வருசம் ஆவுது. நீ துன்னு நான் பாத்ததே இல்லியே,” என்றார். வெற்றிலைப் பையை எடுக்காமலே போய்விட்டார்.

மற்றவர்கள் சொல்வதுபோல எனக்கு மனம் உருகவில்லை. கோபம்தான் வந்தது. சட்டி வழிப்பதை அவர் பார்த்துவிட்டாரே என்று முதலில் கூச்சம். அது போனதும், இத்தனை வருஷம் இந்த மனுஷன் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று ஆத்திரம். மறுநாள் தறியில் நான் வாய் திறக்கவில்லை. மத்தியானம் வரை பொறுத்துவிட்டு அவரே கேட்டார்.

“இன்னாம்மே, பேச மாட்ற?”

“தறியில உக்காந்துக்கினு கரையில ஒரு இழை அறுந்தா உடனே தெரியுது. பொண்டாட்டி துன்னாளா இல்லியான்னு தெரியல. இன்னா பேசறது?”

அவர் அன்று சாயங்காலம் கூடத்தில் சாப்பிட உட்கார்ந்தார். தன் தட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு தட்டை வைத்தார்.

“வா, குந்து.”

கையில் கரண்டியோடு நின்றேன். மூத்தார் தலையைத் தூக்கிப் பார்த்தார். ஓரகத்தி அடுப்படி வாசலுக்கு வந்துவிட்டாள்.

“யாருக்குடா இந்தத் தட்டு?” என்றார் மூத்தார்.

“அவளுக்குத்தான்ணா.”

“அப்ப பரிமாறது யாரு?”

“சட்டிய நடுவுல வெச்சா அவங்கவங்க போட்டுக்கலாம்.”

தறியைத் தவிர அந்த வீட்டில் அன்றுவரை மூத்தார் எதிரில் நான் உட்கார்ந்ததே இல்லை. ஆனாலும் உட்கார்ந்தேன். கத்திரிக்காயும் மொச்சையும் போட்ட குழம்பு. முதல் கரண்டியில் முழுக் கத்திரிக்காய் வந்தது. அதை வாயில் வைப்பதற்குள் மூத்தார் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தார்.

“பொண்டாட்டியோட சேந்து துன்னணும்னா ஓட்டலுக்குப் போ. இது குடும்பம் நடத்துற வூடு.”

கோபத்தில் சொன்ன வார்த்தை. ஆனால் என் வீட்டுக்காரர் சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொள்கிற ஆள். “சரிண்ணா,” என்றார்.

அமாவாசை அன்று எங்கள் பக்கம் தறி ஓடாது. அடுத்த அமாவாசை சாயங்காலம் அவர் சட்டை மாட்டிக்கொண்டு வந்து, “கெளம்பு,” என்றார். எனக்குத் திக்கென்றது. கோயிலுக்கு என்றால் பின்னாலேயே நடந்து பழக்கம் உண்டு. ஓட்டலுக்கு எப்படி நடப்பது? தெருவில் பாவு நூலை நீட்டிக் கட்டுகிற இடத்தில் நான்கைந்து பேர் நின்றிருந்தார்கள். அவர்களைத் தாண்டும்போது நான் வழக்கம்போல் பின்தங்கினேன். அவர் நின்று, நான் பக்கத்தில் வந்ததும் மறுபடி நடந்தார்.

ராஜ வீதியில் ஒரு சைவ ஓட்டல். அதற்கு முன் அதன் வாசனைதான் எனக்குத் தெரியும். உள்ளே போனதும் கல்லாவில் இருந்த முதலாளி எழுந்துவிட்டார்.

“லேடீஸ்னா உள்ள ரூமு இருக்குதுங்க. அப்டிப் போங்க.”

ரூம் என்பது பின்பக்கம் திரை போட்டு மறைத்த ஓர் இடுக்கு. எட்டிப் பார்த்தேன். வெங்காய மூட்டை, கை கழுவுகிற தொட்டி, ஒரு மேசை. விசிறியும் இல்லை, வெளிச்சமும் இல்லை. என் வீட்டுக்காரர் திரையை விலக்கிவிட்டார். நான்தான் நின்றேன்.

“எனக்கு இங்க வேணாங்க.”

“ஏன்?”

“இருட்டு அடுப்படியில துன்னது போதும்னுதான நாம இங்க வந்தோம்? இன்னொரு இருட்டுக்குள்ள போய்க் குந்தறதுக்கா வந்தோம்?”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதலாளிக்கு வரவில்லை. நான் முன்னால் வந்து, விசிறிக்குக் கீழே இருந்த மேசையில் உட்கார்ந்தேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த ஆண்கள் எல்லாம் திரும்பினார்கள். முதலாளி பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, “நாலு பேரு தப்பா நெனைப்பாங்கம்மா,” என்றார்.

“நெனைக்கட்டும்ங்க. ரெண்டு ரவா தோசை குடுங்க. முறுகலா.”

என் குரல்தான் அது. இத்தனை பேர் எதிரில் அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது. முதலாளி உள்ளே திரும்பி, “ரெண்டு ரவா!” என்று கத்தினார்.

தோசை வந்தது. நான் குனிந்து சாப்பிட ஆரம்பித்தேன். நிமிர்ந்தபோது என் இலை காலி. அவர் தோசையில் ஒரு மூலைதான் பிய்ந்திருந்தது. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மெதுவா சாப்புடுமே. யாரும் உன்னக் கூப்புடல,” என்றார்.

அப்போதுதான் தெரிந்தது, நான் எவ்வளவு வேகமாகச் சாப்பிடுகிறவள் என்று. எந்த நேரத்தில் யார் தண்ணீர் கேட்பார்கள், எந்தப் பிள்ளை அழும் என்று காதைத் தீட்டிக்கொண்டே விழுங்கி விழுங்கி, மெல்லுவதையே மறந்திருந்தேன். இன்னொரு தோசை வாங்கிக் கொடுத்தார். அதை மென்று சாப்பிட்டேன். தேங்காய்ச் சட்னி எனக்குப் பிடிக்காது என்பதை அன்று அவர் தெரிந்துகொண்டார். அவருக்குத் தோசையின் நடுப்பாகம் பிடிக்காது, ஓரம்தான் பிடிக்கும் என்பது எனக்குத் தெரிந்தது. பரிமாறுகிறவள் பார்ப்பது தட்டு காலியாகிறதா என்பதைத்தான். எதை விரும்பித் தின்கிறார் என்று எதிரில் உட்கார்ந்தால்தான் கண்ணில் படுகிறது.

வீட்டுக்கு வந்தபோது ஓரகத்தி வாசலில் நின்றிருந்தாள். “அமாவாச அதுவுமா கண்டவன் கையால துன்னுட்டு வர்றியே, வூடு வெளங்குமா?” என்றாள். மறுநாளே தெருவில் எனக்குப் புதுப் பெயர் கிடைத்துவிட்டது.

நாங்கள் நிறுத்தவில்லை. ஒவ்வொரு அமாவாசையும் போனோம். மற்ற நாட்களில் வீட்டில் பழைய சட்டம்தான். ஆனால் அவர் தினமும் சாப்பிட்டு முடித்ததும் எழுந்து அடுப்படிக்கு வந்து, “கொழம்பு இருக்குதா?” என்று எல்லார் காதிலும் விழும்படி கேட்டுவிட்டுப் போவார். அந்தக் கேள்விக்குப் பயந்தே எனக்கென்று ஒரு கிண்ணம் எடுத்து வைத்தார்கள்.

ஒரு வருஷம் இப்படிப் போனது. எங்களுக்கு ஒரே மகள். அவளைப் பெண் கேட்டு ஐயம்பேட்டையிலிருந்து வந்தார்கள். நல்ல இடம், சொந்தத் தறி. மூத்தார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “ஓட்டல் கீட்டல்னு கேட்டா, அதெல்லாம் இல்லன்னு சொல்லிடு. பொண்ணு வாழ்க்க,” என்றார். அவர் முகத்தில் கோபம் இல்லை. கவலைதான் இருந்தது. நானும் தலையாட்டினேன்.

பையனின் அம்மா பலகாரத்தைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். சரிகை போட்ட முந்தானையைச் சரிசெய்துகொண்டு, “நீங்கதான் வூட்டுக்காரரோட ஓட்டலுக்குப் போறவங்களா?” என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். அந்தச் சிரிப்பில் நான் குனிய வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இருந்தது.

இல்லை என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன். ஆனால் வந்தது வேறு.

“ஆமாம்மா. மாசத்துக்கு ஒரு தபா. நீங்க சம்பந்தியா வந்தீங்கன்னா உங்களையும் கூட்டிக்கினு போறேன்.”

அவர்கள் எழுந்துவிட்டார்கள். சம்பந்தம் அதோடு முடிந்தது.

அன்று வீடு இரண்டுபட்டது. “உன் நாக்குக்கு ருசி வேணும்னு பொண்ணப் பலி குடுத்துட்டியேடி!” என்று ஓரகத்தி மாரில் அடித்துக்கொண்டாள். என் வீட்டுக்காரர்கூட என்னைப் பார்க்காமல் தறிமேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். தப்பு செய்துவிட்டேனோ என்று அந்த ஒரு மணி நேரம் மட்டும் நினைத்தேன்.

அப்போது என் மகள் உள்ளேயிருந்து வந்தாள். பதினெட்டு வயது. பெரியவர்கள் பேசும்போது குறுக்கே வராத பெண்.

“பெரீம்மா, அம்மாவத் திட்றத நிறுத்துங்க. அந்த வூட்டுக்குப் போனா நானும் சட்டிதான் வழிச்சிக்கினு இருப்பேன். எனக்கு வேணாம்.”

மூத்தார் தோளில் இருந்த துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, “அப்ப அடுப்பப் பிரிச்சிடலாம்,” என்றார்.

குடும்பத்தை நான்தான் பிரித்தேன் என்று சொந்தக்காரர்கள் இன்றும் சொல்வார்கள். சொல்லட்டும். பிரித்தேன். பின்கட்டில் தகரக் கூரைக்குக் கீழே மண்ணைக் குழைத்து நானே அடுப்பு போட்டேன். முதல் நாள் முருங்கைக்கீரை, புளிக்குழம்பு, சுட்ட அப்பளம். மூன்று தட்டுகளையும் ஒன்றாக வைத்தேன். மழை பெய்து கூரை ஒழுகியது. தட்டுகளைத் தள்ளித் தள்ளி வைத்துக்கொண்டே சாப்பிட்டு முடித்தோம்.

சேர்ந்து சாப்பிட்டால் அன்பு பொங்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எங்களுக்குச் சண்டைதான் பொங்கியது. உப்புக்குச் சண்டை, கூலி உயர்த்திக் கேட்கத் தெரியாததற்குச் சண்டை, அவர் மென்று தின்னும் சத்தத்துக்குச் சண்டை. முன்பெல்லாம் என் மனஸ்தாபத்தைச் சட்டியோடு சேர்த்துக் கழுவி வைத்துவிடுவேன். இப்போது எதிரிலேயே ஆள் இருக்கிறார், சொல்லிவிடலாம். ஒரு நாள் கோபத்தில் அவர் தட்டைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போய்த் தனியாகச் சாப்பிட்டார். மறுநாள் தானாகவே வந்து உட்கார்ந்து, “அங்க கொசு,” என்றார்.

மகளுக்கு இரண்டு வருஷம் கழித்துக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை ஊருக்குள்ளேயே சாயப் பட்டறையில் வேலை செய்தவர். பெண் பார்க்க வந்த அன்று, யாரும் கேட்பதற்கு முன்பே நான் ஓட்டல் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். மாப்பிள்ளையின் அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, “அங்க பூரிக் கெழங்கு நல்லா இருக்கும்ங்கறாங்களே, மெய்தானா?” என்று கேட்டாள். கல்யாணத்துக்குப் பிறகு நான்கைந்து தடவை எங்களோடு வந்திருக்கிறாள். அதற்குள் அந்த ஓட்டலில் திரைக்குள் போகாமல் முன்னால் உட்காருகிற பெண்கள் வேறு சிலரும் வர ஆரம்பித்திருந்தார்கள். முதலாளி ஒன்றும் சொல்வதில்லை. திரை மட்டும் அழுக்கேறி அங்கேயே தொங்கியது.

ஓரகத்தியோடு எனக்குச் சமாதானம் ஆகவில்லை. ஒரே கிணறு, ஒரே வாசல், பேச்சு கிடையாது. எழுபதுகளின் நடுவில் மூத்தார் மருமகன் வீட்டுக்குப் போயிருந்த ஒரு சாயங்காலம், அவள் அடுப்படி வழியாகப் போனேன். அவள் தனியாகச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பரிமாறுவதற்கு யாரும் இல்லாத நாளிலும் விளக்குக்கு முதுகைக் காட்டி, அதே வேகம்.

“அக்கா, அந்தாண்ட வாங்க. மூணு பேரா சாப்புடலாம்.”

திரும்பாமலே, “எனக்குப் பழக்கமில்லடி,” என்றாள்.

நான் வற்புறுத்தவில்லை. அவளைத் திருத்துவதற்கு நான் யார்? ஆனால் ‘டி’ போட்டுப் பேசியது ஆறு வருஷத்துக்குப் பிறகு. பின்கட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் அவள் பேசியதைச் சொன்னேன். “நல்லதுதான?” என்றார். “நல்லதுதான்,” என்றேன். கொஞ்சம் கீரையைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டுபோய் அவள் வாசற்படியில் வைத்துவிட்டு வந்து, என் இடத்தில் உட்கார்ந்தேன்.