நாத்தனார் உட்கார்ந்த நாற்காலிகள்

அலுவலகத்தில் நேருக்கு நேர் அவளை எல்லோரும் அக்கா என்பார்கள். அவள் தலை மறைந்ததும் நாத்தனார் என்பார்கள். இரண்டாவதுதான் பொருத்தமான பெயர். யார் எதைச் செய்தாலும் அதில் ஒரு குற்றமாவது கண்டுபிடிக்காமல் அவளுக்குக் காலைக் காபி தொண்டையில் இறங்காது.

மரச்சாமான் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில், எட்டுப் பேர் வேலை பார்க்கும் இடம் அது. பல் மருத்துவர்களிடம் நேரம் வாங்கித் தரும் மென்பொருளை எழுதுகிறார்கள். அதில் யார் என்ன மாற்றம் செய்து சேமித்தாலும், செய்தவரின் பெயரும் மின்னஞ்சலும் வரலாற்றுப் பதிவில் ஏறிவிடும். ஏறி என்ன பிரயோஜனம்? ஒரே ஆள் வீட்டு மடிக்கணினியில் ஒரு பெயர், அலுவலகத்தில் ஒரு பெயர், பழைய மின்னஞ்சலில் வேறொரு பெயர் என்று மூன்று ஆளாக நின்றான். ஒரு மகானுபாவன் தன் பெயரையே 'சிங்கம்' என்று போட்டு வைத்திருந்தான். சேர்ந்த புதிதில் இதையெல்லாம் பார்த்து அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இது ஆபீஸா, சத்திரமா? வர்றவன் போறவன் எல்லாம் வாய்க்கு வந்த பேரை எழுதி வச்சுட்டுப் போறீங்க!"

மெயில்மேப் என்று ஒரு கோப்பு உண்டு. இந்த மின்னஞ்சலும் அந்த மின்னஞ்சலும் ஒரே ஆளுடையவை என்று அதில் எழுதி வைத்தால், சிதறிக் கிடக்கும் பெயர்கள் ஒன்றாகச் சேர்ந்துவிடும். மூன்று மாதம் உட்கார்ந்து அதை எழுதினாள். பிறகு சட்டம் போட்டாள்: ஒரு கணினிக்கு ஒரு பெயர், ஒரு மின்னஞ்சல். யாரும் மாற்ற முடியாதபடி எட்டுக் கணினியிலும் பூட்டிவிட்டு, கடவுச்சொல்லைத் தன்னிடமே வைத்துக்கொண்டாள். பதிவு பளிச்சென்று ஆனது. பெற்ற பிள்ளையைப் போல அதைப் பொத்திப் பொத்திப் பார்த்துக்கொண்டாள்.

ஆனால் மகாராணிக்குப் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. எவனாவது ஒரு பிழையோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்தால் போதும், பின்னால் போய் நின்றுவிடுவாள்.

"நகருங்க, நகருங்க. இப்படித் தடவிக்கிட்டு இருந்தா விடிஞ்ச மாதிரிதான்."

அவன் எழுந்துகொள்வான். அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, படபடவென்று தட்டி, சேமித்துவிட்டுப் போய்விடுவாள். பதிவில் ஏறுவது நாற்காலிக்காரன் பெயர். அது அவளுக்குத் தெரியாமல் இல்லை. தான் போட்ட பூட்டைத் தானே திறப்பதா என்ற வீம்பு. பதினோரு வருஷம் இப்படியே ஓடியது.

அவள் அதிகம் உட்கார்ந்தது மாப்பிள்ளையின் நாற்காலியில். மடிப்புக் கலையாத சட்டையும் செண்டு வாசனையுமாக வந்து, யாராவது உபசரிக்க மாட்டார்களா என்பதுபோல் உட்கார்ந்திருப்பதால் அவனுக்கு அந்தப் பெயர். நல்லவன்தான், வேலை என்று வந்தால்தான் கை வராது. அவள் தட்டும்போது பக்கத்தில் நின்று, "ஆஹா, சூப்பர்க்கா" என்பான்.

போன மாதம் நிறுவனத்தை யாரோ வாங்கினார்கள். புது மேலாளர் வந்தார். எட்டுப் பேரில் கடைசி இருவரை அனுப்பிவிடப் போவதாகச் சொன்னார். யார் கடைசி என்பதைப் பதிவே சொல்லுமாம்.

யார் பெயரில் எத்தனை மாற்றம் என்று பட்டியல் எடுத்தார்கள். முதல் இடம், நாலாயிரத்து நூறு மாற்றங்களோடு, மாப்பிள்ளை. கடைசி இடம், அறுபத்து மூன்று மாற்றங்களோடு, நாத்தனார். அந்த அறுபத்து மூன்றிலும் பாதி அந்த மெயில்மேப் கோப்பில் செய்தவை.

"இவ்வளவு சுத்தமான பதிவை நான் எங்கயும் பாத்ததில்ல மேடம்," என்றார் மேலாளர் உண்மையான மரியாதையோடு. "பேரெல்லாம் சரின்னு நாளைக்கு நீங்களே ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க."

வீட்டில் சொன்னாள். கணவர் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவர், எதையும் லேபிள் பார்த்துத்தான் தொடுவார்.

"அதான் ஏதோ ஃபைல் இருக்குங்கறியே, அதுல உன் பேரைச் சேத்துட வேண்டியதுதானே?"

"அதுல ரெண்டு பேரை ஒண்ணாக்கலாங்க. ஒரே பேருக்குள்ள இருக்கிற ரெண்டு ஆளைப் பிரிக்க முடியாது."

"நல்லா இருக்கு போ! ஊருக்கெல்லாம் பேரு ஒட்டினே, உனக்கு ஒட்டிக்கத் தெரியலையா?"

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. நாற்பத்தாறு வயதில் இனி எவன் வேலை கொடுப்பான் என்று பயமாக இருந்தது. அதைவிட, மாப்பிள்ளை முதல் இடம் என்பதை நினைத்தபோது வயிறு எரிந்தது.

காலையில் முதல் வேலையாக அவனைப் பிடித்தாள்.

"தம்பி, அதெல்லாம் நான் எழுதினதுன்னு மேனேஜர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடு."

"சொல்லலாங்க்கா," என்று தலையைச் சொறிந்தான் அவன். "ஆனா நான்தான் ஃபர்ஸ்ட்டுன்னு எங்க மாமனார்கிட்ட நேத்தே சொல்லிட்டேனே."

அதற்கு மேல் அவளால் அடக்க முடியவில்லை. விறுவிறுவென்று போய் மேலாளரை அழைத்து வந்து, மாப்பிள்ளைக்கு முன்னால் நிறுத்தி, திரையில் ஓரிடத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"கையெழுத்து அப்புறம் போடறேன் சார். மொதல்ல இந்த எட்டு வரியை ஏன் இப்படி எழுதியிருக்குன்னு இவரைக் கேளுங்க. இவர் பேர்லதானே இருக்கு!"

மேலாளர் கேட்டார். மாப்பிள்ளை திரையைப் பார்த்தான். கழுத்துப் பட்டியைத் தளர்த்தினான். பிறகு, பழக்கதோஷம், சட்டென்று எழுந்து நின்று, "நீங்க உக்காருங்கக்கா," என்று நாற்காலியை அவள் பக்கம் இழுத்தான்.

மேலாளர் புருவத்தைத் தூக்கினார். அடுத்த மேஜைக்குப் போய் அதேபோல் ஒரு கேள்வி கேட்டார். அங்கிருந்த பெண்ணும் எழுந்துவிட்டாள். அதற்கடுத்தவனோ, கேள்வி தன் பக்கம் வருமுன்னே எழுந்துவிட்டான். ஐந்து நிமிடத்தில் ஏழு பேரும் அவரவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்கள்.

நாத்தனாருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பதினோரு வருஷத்து உழைப்பு கண்முன்னே நிற்கிறது! இனி எவன் கேட்பான் ஆதாரம்?

"பிரமாதம் மேடம்," என்றார் மேலாளர். நின்றவர்களை விரல் நீட்டி ஒவ்வொருவராக எண்ணினார். "எல்லாத்தையும் நீங்களே பண்ணிடறீங்கன்னா, ரெண்டு பேரை மட்டும் ஏன் அனுப்பணும்? இந்த ஏழு பேரும் எனக்கு எதுக்கு?"

ஒரு தடவையாவது பக்கத்தில் நின்று இவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கலாமே என்று அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது. இல்லை சார், அப்படி இல்லை சார் என்று ஏதோ உளறினாள். மேலாளர் அதற்குள் தன் அறைக்குப் போய்விட்டார்.

ஒருவரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. விஷயம் இன்னும் புரியாத மாப்பிள்ளை மட்டும் நாற்காலியைப் பிடித்தபடி, "உக்காருங்கக்கா, ஏன் நிக்கறீங்க?" என்றான்.