முந்தானையைச் சொல்லப் போய்...

என் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்த என் மனைவி ஸ்டெல்லா, முந்தானை சக்கரத்தில் சிக்கிக் கீழே விழுந்து இறந்துபோனாள். அதன்பின் என்னால் வீட்டில் உட்காரவே முடியவில்லை. வேலை முடிந்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு திருத்தணியைச் சுற்றுவேன். எந்த வண்டியிலாவது முந்தானையோ துப்பட்டாவோ தொங்கினால் துரத்திப்போய்ச் சொல்வேன். சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வரும்.

ஒருநாள் பொதட்டூர்பேட்டை சாலையில் எனக்கு முன்னால் ஒரு தம்பதி போனார்கள். அந்தப் பெண்ணின் முந்தானை சக்கரத்தை உரசிக்கொண்டிருந்தது. ஹாரன் அடித்தேன், கத்தினேன். அவள் கணவர் நிற்காமல் வேகமெடுத்தார். நானும் விடவில்லை. வளைவில் எதிரே பேருந்து வரவே, அவர் வண்டியைப் புதருக்குள் விட்டார். நல்லவேளை, இருவருக்கும் சிராய்ப்புதான்.

“எதுக்குய்யா தொரத்திகினு வர? செயின் அறுக்கறவன்னு நெனச்சிட்டோம்!” என்று அவர் என் சட்டையைப் பிடித்தார்.

நான் முந்தானையைக் காட்டினேன். அதன் ஓரம் கருத்துக் கிழிந்திருந்தது.

“இதச் சொல்லவாண்ணா வந்தீங்க?” என்றாள் அந்தப் பெண்.

“ஆமாம்மா. என் வீட்டுக்காரம்மா இப்படித்தான் போய்ட்டாங்க.”

அவர் கையை எடுத்துவிட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. காப்பாற்றப் போய் இரண்டு பேரைக் கொன்றிருப்பேனே!

இப்போது ஓடுகிற வண்டியை நான் துரத்துவதில்லை. காலையில் பெட்ரோல் பங்க்கில் போய் நிற்கிறேன். அங்கே எல்லா வண்டியும் நின்றுதான் ஆகவேண்டும். “முந்தானையை இழுத்துச் செருகிக்குங்கம்மா” என்கிறேன். சிலர் முறைக்கிறார்கள். முறைத்துக்கொண்டேயாவது செருகிக்கொள்கிறார்கள்.