வலை விழாத ஞாயிறு

எங்கள் பழவேற்காடு சபையில் ஊருக்கு உழைப்பவர்களைக் கௌரவிக்க ஓர் ஆராதனை வைத்தோம். நாலு பேர் முன்னால் பேசவே கூசும் என்னிடம் பாஸ்டர் பொறுப்பைக் கொடுத்துவிட்டார். துப்புரவுப் பெண்களும் நர்ஸம்மாவும் முன்வரிசையில் இருந்தார்கள். பின்னால் பாதி பெஞ்சு காலி. அவர்கள் திரும்பிப் பார்த்துவிடுவார்களோ என்று எனக்குப் பயம்.

அப்போது பக்கத்துக் குப்பத்து மீனவர்கள், நெற்றியில் விபூதியோடு, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். என்னால் நம்ப முடியவில்லை. ஏரியில் நல்ல இடத்தில் வலைபோட ஒவ்வொரு கூட்டத்துக்கும் முறை வரும். அதைப் பாடு என்போம். அன்று அவர்களுடைய பாடு. விட்டால் மறுநாள் அடுத்த கூட்டத்துக்குப் போய்விடும்.

நர்ஸம்மா பதறி எழுந்தார். "இன்னாண்ணா, இன்னிக்கு உங்க பாடாச்சே?"

"வெள்ளத்துல எங்க புள்ளைங்களுக்கு ஊசி போட நீங்க படகேறி வரலியா? இவங்க வந்து சேறு அள்ளலியா?" என்றார் மூத்தவர், துப்புரவுப் பெண்களைக் காட்டி. "மீனுக்கு இன்னா, நாளைக்கு பாடு வர்றவன்கிட்ட கொழம்புக்கு வாங்கிக்கிறோம்."

சபையே சிரித்தது. பொன்னாடையைப் பிடித்தபடி நான் வாசல் வழியே பார்த்தேன். காலை வெயிலில், ஏரியில் அவர்கள் வலைபோட வேண்டிய இடத்துத் தண்ணீர் ஒரு படகும் இல்லாமல் கிடந்தது.

நன்றியை அதற்குமுன் நான் கண்ணால் பார்த்ததில்லை.