சிலிண்டரில் ஒட்டிய மீன்

மீன் தொட்டிக்குள்ள எறங்கி கண்ணாடி துடைக்கிறது என் வேலை. வெளிய நிக்கிற ஜனம் பேசுறது காதுல விழாதுங்கிறது மட்டும்தான் இதுல கீற நிம்மதி. மேல ஏறிட்டா போச்சு. என்னை மாதிரியே காட்சியக வேலை பாத்து, டிக்கெட் வாங்கினவங்க கிட்ட வாயைக் குடுத்து அவதிப்படுற உங்களுக்கு நான் சொல்லணுமா?

ஓசி சவாரி

மாமல்லபுரம் பக்கம் எங்க காட்சியகத்துல பெரிய திருக்கை ஒண்ணு இருந்துச்சு. அது வயித்துல எப்பவும் ஒரு ஒட்டு மீன். உச்சந்தலையில கீற பட்டையால கப்புனு ஒட்டிக்கும். திருக்கை தின்னு சிந்துறதுதான் அதுக்கு சாப்பாடு. கேளம்பாக்கத்து ஐடி தம்பி ஒருத்தருக்கு இதை மூச்சு வாங்க விளக்கினேன். கேட்டுட்டு பொண்டாட்டி பக்கம் திரும்பினாரு: "உன் தம்பி நம்ம வீட்ல தங்கியிருக்கிற கதைதான்."

பிரிச்ச கை

திருக்கையை வேற ஊரு காட்சியகத்துக்கு குடுத்துட்டாங்க. ஒட்டு மீனைப் பின்னால இழுத்தா வராது, முன்னால தள்ளணும். என் கையாலதான் தள்ளிப் பிரிச்சேன், பாவி. அதையும் கூடவே அனுப்புங்க சார்னு கெஞ்சினதுக்கு மேனேஜர் சொன்னாரு: "அவங்க கேட்டது திருக்கை மட்டும்தான்யா. இலவச இணைப்பெல்லாம் கேக்கல."

என் முதுகு

அப்புறம் அது கண்ணாடியில ஒட்டிகினு பட்டினி கெடந்துச்சு. செத்துடும்னே நெனச்சேன். ஒரு நாள் நான் எறங்கினதும் நேரா வந்து, மூச்சு வுட நான் முதுகுல மாட்டிக்கிற காத்து சிலிண்டர்ல ஒட்டிச்சு. இறால் துண்டை நீட்டினேன், துன்னுச்சு! அழுகையே வந்துடுச்சு. அதுலேர்ந்து லீவு நாள்லயும் போய் எறங்குவேன். எனக்காகத்தான் துன்னுதுன்னு ஒரு பெருமை. பொத்தேரி காலேஜ் பொண்ணு ஒண்ணு வீடியோ எடுத்துட்டு சொல்லுச்சு: "மீன் செம க்யூட்ணா, உங்க மூஞ்சியை மட்டும் கட் பண்ணிட்டேன்."

காது வலி

காதுல சீழ் வந்து, தண்ணி பக்கமே போவாதேன்னுட்டாரு டாக்டர். வூட்ல படுத்துகினு ஒரே பேஜாரு, அது பட்டினியிலயே போயிருக்குமோன்னு. தாங்காம ஓடினேன். பார்த்தா, எனக்குப் பதிலா எறங்கின கோவளத்து சேகர் முதுகுல ஜம்முனு ஒட்டிகினு இறால் துன்னுகினு கீது! தட்டாதீங்கன்னு போர்டு வெச்ச கண்ணாடியை நானே தட்டினேன். அது திரும்பக்கூட இல்ல. சேகர் மேல வந்து என் மூஞ்சியைப் பார்த்தான்: "இன்னா மச்சான், சிலிண்டர் எவன் மாட்டினாலும் அது ஏறிக்கும், இதுக்குப் போய் கண் கலங்குறியே."

அது பொழைச்சதுல எனக்கு சந்தோஷம்தான், ஆனா ஒரு வேளையாவது எனக்காகப் பட்டினி கெடந்திருக்கக் கூடாதான்னுதான் இன்னிக்கும் மனசு அடிச்சுக்குது.