விருந்துக்குப் போய்க் கோப்பை கழுவியது

ரொறன்ரோவில் ஒரு கல்லூரியின் சாப்பாட்டுக் கூடத்தில் வேலை செய்கிறேன். அங்கு வரலாறு படிப்பித்த கறுப்பினப் பேராசிரியர் ஒருவர், தன் இனத்து விளையாட்டு வீரர்களைப் பயிற்சி முடிந்ததும் மூலை மேசையில் இருத்திப் பாடம் சொல்லிக்கொடுப்பார். பரீட்சைப் புள்ளி குறைந்தால் அவர்களை அணியிலிருந்து எடுத்துவிடுவார்கள். அவர்களுக்காக மேலிடத்தில் போய் வாதாடியதும் அவர்தான். நான் அந்தப் பிள்ளைகளுக்குச் சாப்பாட்டைச் சூடாக எடுத்துவைப்பேன், அவ்வளவுதான்.

அவர் ஓய்வுபெறும்போது எங்கள் கூடத்திலேயே வைத்த விருந்துக்கு என்னையும் கட்டாயம் வரச் சொன்னார். பட்டுச் சேலை கட்டிக்கொண்டு போனேன். கோட் போட்ட பழைய மாணவர்களைக் கண்டதும் கால் தானாகச் சமையலறைப் பக்கம் திரும்பிவிட்டது. எங்கள் ஆட்களின் விசேஷங்களிலும் நான் அப்படித்தான். கோப்பை கழுவினால் யாரோடும் பேச வேண்டியதில்லை.

பிள்ளைகளைப் பசியோடு இருக்க விடாத பெண் எழுந்து நிற்க வேண்டும் என்று அவர் மைக்கில் சொன்னார். கைதட்டல் கேட்டது.

"அக்கா, உங்களைத்தான் கூப்பிடுறார். போங்கோவன்," என்றாள் கூட வேலை செய்பவள்.

"கை ஈரமாக் கிடக்கு."

"துடைச்சுப்போட்டுப் போங்கோ. பட்டுச் சீலையோட ஆரும் கோப்பை கழுவுவினமே?"

நான் அசையவில்லை. கைதட்டல் மெல்ல ஓய்ந்தது. இத்தனை வருடத்தில் அந்த மனிதர் என்னிடம் கேட்டது அது ஒன்றைத்தான்.

மறுநாள் போன் எடுத்து, ஏன் வரவில்லை என்று விசாரித்தார். காய்ச்சல் என்றேன். சூப் கொண்டுவந்து தரட்டுமா என்று கேட்டார்.