பெயின்டுக்கு மேல் பூட்டிய எர்த்

என் கார் செத்துப்போய்விட்டது என்று மூன்று ஆண்கள் கூடி முடிவெடுத்தார்கள். ஒருவர்கூட என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கார் என் பெயரில் இருந்தது. அது நின்ற வீட்டு வளவு வாப்பா எனக்குச் சீதனமாக எழுதித் தந்தது. அதை ஓட்டுகிறவளும் நான்தான். இவ்வளவும் இருந்தும் என் காரின் மவுத்துச் செய்தி எனக்குக் கடைசியாகத்தான் வந்தது. கோபம் வருமா, வராதா?

நான் நிந்தவூரில் இருக்கிறேன், வரிப்பத்தான்சேனையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். பஸ்ஸில் போவதென்றால் இரண்டு இடத்தில் மாற வேண்டும். எந்த இடத்திலும் பஸ் எனக்காகக் காத்து நின்றதில்லை. காலை ஏழரைக்கு அதிபர் வரவுப் புத்தகத்தில் சிவப்புக் கோடு கீறுவார். அதற்குப் பிறகு வருகிறவர்கள் கோட்டுக்குக் கீழேதான் ஒப்பமிட வேண்டும். கார் நின்றுபோன அந்த மாதம் என் ஒப்பம் பெரும்பாலும் கீழேயே கிடந்தது. இனியும் இப்படியென்றால் வலயக் கல்வி அலுவலகத்துக்குக் கடிதம் போகும் என்று அதிபர் சொல்லிவிட்டார்.

கார் நின்றதற்குக் காரணம் அதன் கம்பியூட்டர் பெட்டி. எஞ்சினுக்கு எப்போது பெற்றோல் விட வேண்டும், எப்போது தீப்பொறி போட வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிற பெட்டி அது. எங்கள் கடல் காற்று அதற்குள் புகுந்து பச்சை பூக்க வைத்துவிட்டது. அதே மாதிரிப் பெட்டி எங்கும் கிடைக்கவில்லை. வேறு கார் வாங்குவதை நினைத்தும் பார்க்க முடியாத காலம். கடைசியில் கொழும்பிலிருந்து ஒரு புதுப் பெட்டியை வரவழைத்தேன். எந்த எஞ்சினுக்கும் பொருத்தலாம், ஆனால் லெப்டொப்பைத் தொடுத்து, இதுதான் உன் எஞ்சின் என்று அதற்கு முதலில் பழக்க வேண்டும். பழக்குவது என் வேலை. வயர் இழுப்பது எங்கள் ஊர் வயரிங் பாஸின் வேலை; கைத்தொழில்காரரை நாங்கள் பாஸ் என்போம்.

இங்கேதான் சிக்கல். வளவுக்குள் வேலைக்காரர் வந்தால் பொம்பிளைகள் உள்ளே இருப்பது எங்கள் வீட்டு வழக்கம். நாற்பது பிள்ளைகளை ஓர் அதட்டில் அடக்குகிற நான், சொந்த வளவில் யன்னல் திரைக்குப் பின்னால் நின்றேன். லெப்டொப் என் கணவரின் மடியில் இருந்தது. அவர் புடவைக்கடை வைத்திருக்கிறார். துணியைத் தொட்டே விலை சொல்லுவார். லெப்டொப்பை ஒற்றை விரலால்தான் தொடுவார்.

"புள்ள, இதுல செவப்பா என்னவோ எழுதிரிக்கி."

"என்னெண்டு வாசிங்க."

"இங்கிலீசு. கண்ணாடி உள்ளுக்குக் கெடக்கு."

பாஸ் சொல்வதை அவர் எனக்குச் சொல்லுவார், நான் சொல்வதை அவர் பாஸிடம் சொல்லுவார். நடுவழியில் பாதி உதிர்ந்துவிடும்.

முதல் பிழை என்னுடையதுதான், மறைக்க மாட்டேன். நான் கொடுத்துவிட்ட கேபிள் போனுக்குச் சார்ஜ் ஏற்றுகிற கேபிள். அதில் மின்சாரம் போகும், தகவல் போகாது. பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது, லெப்டொப்போ அப்படியொரு பெட்டியே இல்லை என்றது. இரண்டு நாள் அதில் போயிற்று. சரியான கேபிளைப் போட்டதும் இணைப்பு வந்தது. எஞ்சினின் சூடு, காற்று எல்லாம் திரையில் இலக்கங்களாக ஓடுகின்றன என்று அவர் சொன்னபோது உள்ளே நின்று கை தட்டினேன்.

பிறகு பாஸ் சாவியை முழுதாகத் திருப்பினார். ஸ்டார்ட்டர் இரண்டு சுற்று இழுத்தது, இணைப்பு அறுந்தது. எஞ்சின் பற்றவில்லை. ஸ்டார்ட்டரை விட்டால் இணைப்பு திரும்ப வரும், இழுத்தால் போய்விடும். நாலு நாளாக இதே கூத்து. பெட்டி செத்தது என்றார் பாஸ். லெப்டொப்தான் பிழை என்று கொழும்புக் கடைக்காரர் வட்ஸ்அப்பில் அனுப்பினார். ஆடத் தெரியாதவன் நிலம் கோணல் என்ற கதைதான். பக்கத்து வீட்டு லெப்டொப்பை இரவல் வாங்கிப் பார்த்தேன், அதிலும் அப்படியே அறுந்தது.

அந்த நேரம் பார்த்துக் கல்முனையிலிருந்து காக்கா வந்தார். என் மூத்த சகோதரர். கலியாணம் முடித்து அங்கே மனைவி வீட்டில் இருக்கிறார், ஆனாலும் என் வீட்டு விஷயம் எல்லாம் தன் தலையில் என்று நினைப்பு. முற்றத்தில் பாஸும் நிற்க, என் கணவரிடம் சொன்னார்.

"வளவுக்குள்ள மையத்த வெச்சிக்கிட்டு எத்தின நாளைக்கு மச்சான் இரிக்கப் போறீங்க? வெள்ளிக்கிழமை ஜும்மா முடிய ஒரு ஆளக் கூட்டிட்டு வாறன். பழைய கார ஒடச்சி விக்கிற ஆள். தங்கச்சியயும் வேலைய உடச் சொல்லுங்க. பொம்புளப் புள்ளக்கி என்னத்துக்கு இவ்வளவு தூரம் போய் மாரடிக்கிற?"

மையத்து என்றால் பிணம். என் கார் பிணமாம், என் வேலை மாரடிப்பாம். கணவர் மறுத்துப் பேசவில்லை. பார்ப்போம் என்றார். அவர் பார்ப்போம் என்றால் சரி என்று அர்த்தம். திரைக்குப் பின்னால் எனக்கு உடம்பு முழுக்க எரிந்தது. கார் போனால் வேலை போகும் என்பது மூவருக்கும் தெரியும். அதில் எவருக்கும் வருத்தமில்லை.

வியாழக்கிழமை நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது பாஸ் கடைசியாக ஒருதரம் பார்க்க வந்திருந்தார். ஒன்பதாம் வகுப்புக்கு அன்று காலையில்தான் மின்சுற்று படிப்பித்திருந்தேன். பற்றரியிலிருந்து போகிற வழி எவ்வளவு முக்கியமோ, திரும்பி வருகிற வழியும் அவ்வளவு முக்கியம் என்று கரும்பலகையில் எழுதிய சுண்ணாம்புத் தூள் இன்னும் விரலில் இருந்தது. திரும்பி வருகிற வழிதான் காரில் எர்த். யன்னலால் கேட்டேன்.

"எர்த்த எங்க பூட்டின எண்டு கேளுங்க."

"கார்ட பொடித் தகட்டுலயாம்."

"பொடியில எந்த இடத்தில?"

"எர்த் எல்லாம் சரியாம், அதப் பத்தி யோசிக்க வேணாமாம்."

அத்தோடு என் பொறுமை முடிந்தது. முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். பாஸ் சட்டென்று என் கணவரின் முகத்தைப் பார்த்தார். நான் பாஸின் முகத்தைப் பார்த்தேன்.

"பாஸ், என்னோட கதைங்க. எர்த் எந்த இடத்தில?"

"காலுக்குக் கீழ தகட்டுல டீச்சர். கறல் புடிச்சிருந்திச்சி. வெட்டிப் புதுத் தகடு ஒட்டி, ரெண்டு தரம் கறுப்புப் பெயின்ட் அடிச்சி, அதுக்கு மேலதான் பூட்டின."

"பெயின்டுக்கு மேலயா?"

"கடல் காத்துக்கு வேற என்ன செய்யுற? நாங்க எதையும் பூசாமப் பூட்டுறல்ல."

உண்மைதான். எங்கள் ஊரில் கேற்றாகட்டும், தோணி எஞ்சினாகட்டும், இரும்பைப் பூசாமல் ஒருவரும் எதையும் பூட்ட மாட்டார்கள். கறல் என்கிற துருவைத் தடுக்க அது நல்லது. மின்சாரத்துக்கு அது மதில். போல்டின் புரி பட்ட இடத்தால் கொஞ்சம் மின்சாரம் கசிந்து போயிருக்கிறது. சாவியைப் பாதி திருப்பினால் அந்தக் கசிவு பெட்டிக்குப் போதும். ஸ்டார்ட்டர் இழுக்கையில் எஞ்சினைப் பற்றவைக்கப் பெட்டி வேலையைத் தொடங்கும், அப்போது அது காணாது. பெட்டி மயங்கும், இணைப்பு அறும்.

"பாஸ், ஒரு நீட்டு வயர் தாங்க."

பற்றரியின் மைனஸிலிருந்து பெட்டியின் எர்த்துக்கு அந்த வயரை நேரே தொடுத்தோம். லெப்டொப்பை நானே மடியில் வைத்துக்கொண்டு சீட்டில் இருந்து சாவியைத் திருப்பினேன். ஸ்டார்ட்டர் இழுத்தது. இலக்கங்கள் ஓடிக்கொண்டே இருந்தன. மூன்றாம் சுற்றில் எஞ்சின் இருமியது, பிறகு பற்றிக்கொண்டது. அல்ஹம்துலில்லாஹ் என்று நான் போட்ட சத்தம் ரோட்டுக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

பாஸ் உப்புத்தாள் தேடினார். அதுவரை காத்திருக்க என்னால் முடியவில்லை. குசினியிலிருந்து மீன் செதிள் உரசுகிற கத்தியைக் கொண்டுவந்து, குந்தியிருந்து, அந்தத் தகட்டை வெள்ளை இரும்பு தெரியும்வரை நானே சுரண்டினேன். பெயின்ட் மட்டும்தான் உரிந்தது என்று சொன்னால் பொய், என் கோபமும் கொஞ்சம் உரிந்தது. பாஸ் எர்த்தை அந்த வெறும் இரும்பில் இறுக்கி, அதற்குப் பிறகு மேலே பூசினார். பூட்டிவிட்டுப் பூசினாலும் கறல் பிடிக்காது. போகும்போது அவர் என் கணவரிடம், "சேர், டீச்சர் சொன்ன சரிதான்" என்றார். அதையும் அவரிடம்தான் சொன்னார்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து காக்கா அந்த ஆளின் லொறியில் வந்து இறங்கினார். நான் கேற்றடியில் கார் சீட்டில் இருந்தேன், எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. லொறிக்காரர் காரைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் காக்காவிடம் சொன்னார்.

"மையத்து எண்டுதானே ஹாஜியார் கூப்பிட்டீங்க. இது மூச்சு உடுது."

வீணாக வந்த கோபத்தில் அவர் லொறியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார், காக்காவை ஏற்றவும் இல்லை. வெயிலில் கொஞ்ச நேரம் நின்ற காக்கா, என் கணவரின் பக்கம் திரும்பினார்.

"மச்சான், கல்முனைல என்ன எறக்கி உட ஏலுமா எண்டு தங்கச்சிக்கிட்டக் கேளுங்க."

"நான் இஞ்சதான் இரிக்கன் காக்கா. என்னட்டக் கேளுங்க."

கணவர் நடுவிலிருந்து விலகிக் கேற்றை முழுதாகத் திறக்கப் போனார். இந்த முறை அது எனக்கு உதவியாக இருந்தது. காக்கா கார் யன்னலடிக்கு வந்து என் பக்கம் குனிந்தார்.

"எறக்கி உடுறியா?"

"ஓம். திங்கக்கிழமை எண்டா ஏலாது, எனக்குப் பள்ளிக்கூடம் இரிக்கி. இண்டைக்கு ஏலும். பின்னுக்கு ஏறுங்க."

முன் சீட்டில் லெப்டொப் இருந்தது. அதைத் தூக்கிப் பின்னால் வைத்திருக்கலாம்தான். நான் வைக்கவில்லை.